டியூப் லைட் மினுக்காத வீட்டில் ஒரு திரில்லர்

படம் பார்ப்பவரைப் பயமுறுத்துவது சுலபம். அதற்கு முன்னால் ஊரைச் சும்மா இருக்க வைக்க வேண்டும், இந்தத் தொழிலில் பாதிப் பேர் கவிழ்வது அங்கேதான்.

காலேஜில் குறும்படம் எடுத்து நொந்தவர்கள், எடுக்கப் போய் துரத்தப்பட்டவர்கள், "ஒரே ஒரு ஷாட்டு அண்ணா" என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டியவர்கள் எல்லோரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

என் பெயர் எஸ்தர். வீடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய காலனியில். திருவள்ளூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விஸ்காம் மூன்றாம் வருஷம், தினம் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். கடைசி செமஸ்டருக்கு எங்கள் மேடம் ஒரு வேலை கொடுத்தார். சைக்கலாஜிக்கல் திரில்லர் படம் ஒன்றின் ஆரம்பக் காட்சி, சரியாக இரண்டு நிமிடம். கூடவே ஒரு தாள். இந்த வகைப் படத்துக்கென்று இருக்கிற பத்து விதிகள் அதில் இருந்தன. பாழடைந்த இடம், தனியாக ஒரு பெண், பின்தொடரும் கேமரா, சொட்டும் தண்ணீர், உடைந்த கண்ணாடி, மினுக்கும் விளக்கு, இருட்டு, அமைதி, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை, கடைசியில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வருகிற டைட்டில். பத்தில் குறைந்தது எட்டு விதி இருக்க வேண்டும். முதல் மூன்று இடத்தில் வருகிறவர்களுக்குச் சென்னையில் ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவில் ஆறு மாதப் பயிற்சி.

எனக்கு அந்த மூன்றில் ஒன்று வேண்டும். ஏனென்றால் அப்பா தன் உருக்காலை சூப்பர்வைசரிடம் பேசி, ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற வேலையை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். ஜூன் முதல் தேதி சேர வேண்டும். "மூணுல வந்தா உன் இஷ்டம், வரலன்னா ஸ்டோர்ஸு" என்று பேச்சு. நட்டும் போல்ட்டும் எத்தனை வந்தது, எத்தனை போனது என்று தட்டிக்கொண்டே கிழவியாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்தில் பாதி என் படத்தில் வந்திருந்தால் நான் இப்படி அலைந்திருக்க வேண்டியதில்லை.

பாழடைந்த இடம்

என் கேமராமேன் டில்லிபாபு, திருப்பாச்சூர்க்காரன், என் வகுப்பு. நடிகை ரேவதி, பள்ளிப்பட்டுப் பெண், ஹாஸ்டலில் இருக்கிறாள். இவ்வளவுதான் எங்கள் யூனிட். டில்லி தன் மாமா மூலமாக, மூடிக் கிடந்த ஒரு கம்பெனிக்குள் போக அனுமதி வாங்கிவிட்டான். உடைந்த ஜன்னல், துருப்பிடித்த டிரம், சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த அரச மரம். பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாட்ச்மேனைப் பார்த்ததும் அது வற்றிவிட்டது.

மனிதர் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில், கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். ரெஜிஸ்டரில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு அலமாரியைத் திறந்து மூன்று மஞ்சள் ஹெல்மெட்டுகளை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார். மிஷின் ஒன்றுகூட இல்லாத கம்பெனி. கூரையே பாதிதான் இருக்கிறது, அதிலிருந்து விழ என்ன இருக்கிறது? காட்சி இதுதான்: நினைவு தப்பிய ஒரு பெண் தெரியாத இடத்தில் கண் விழிக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் விசில். மாட்டியதும் அமைதி. மறுபடி கழற்றினால் மறுபடி விசில். பன்னிரண்டு டேக். கடைசியில் ரேவதி மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் நினைவு தப்பிக் கிடந்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "அய்யா, நெனவே இல்லாத பொண்ணுங்கய்யா, அது எப்பிடி ஹெல்மெட்டு போடும்?" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நெனவுதானம்மா போச்சி, தல கீது இல்ல? தல கீற வரைக்கும் ஹெல்மெட்டு போடணும்."

பின்தொடரும் கேமரா

அடுத்தது ரோடு. தனியாக நடந்து போகும் பெண்ணை யாரோ பின்னாலிருந்து பார்ப்பது போல எடுக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் எங்கள் வீடுகளில் வெளியே விட மாட்டார்கள். அதனால் வெட்ட வெயிலில் எடுத்து, பிறகு எடிட்டிங்கில் இருட்டாக்கிக்கொள்ளலாம் என்று திட்டம். கம்பெனிகளுக்குப் பின்னால் லாரி மட்டும் போகிற ரோட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

ரேவதி பத்தடி நடப்பதற்குள் ஷேர் ஆட்டோ நின்றது. "எங்க போவணும், ஏறு." அனுப்பினோம். இன்னொரு பத்தடி, இன்னொரு ஆட்டோ. அடுத்து பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, விரித்த முடியோடு வெயிலில் போகக் கூடாது என்று அவளுக்குப் புத்தி சொன்னார். தனியாக ஒரு பெண் நடந்தால் பயமாக இருக்கும் என்று விதி எழுதியவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. இங்கே தனியாக நடக்க விட்டால்தானே!

நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தேன். டில்லி கேமராவைத் தூக்கிக்கொண்டு குனிந்து குனிந்து அவள் பின்னால் போனான். அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடிந்த கம்பெனி வேன் வந்து நின்றது. நீலக் கோட்டு போட்ட ஏழெட்டுப் பெண்கள் இறங்கி டில்லியைச் சுற்றிக்கொண்டார்கள். நான் லாரிக்கு வழிவிட்டு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவன் சட்டைக் காலர் ஒரு அக்கா கையில் இருந்தது. பதற்றத்தில் நான், "அக்கா, வுட்ருங்க, இவன் கொலகாரனா நடிக்கறான்" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த அக்கா பிடியை விடவில்லை. ரேவதியைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்: "நீ பஸ்ஸு ஏறு கண்ணு, இவன நாங்க பாத்துக்கறோம்."

சொட்டும் தண்ணீர்

ஊரே வேண்டாம், எங்கள் வீட்டுக்குள்ளேயே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஜன்னல்களில் போர்வை கட்டினால் இருட்டு தயார். சொட்டும் குழாய்க்கு வாசலில் இருக்கிற பொதுக் குழாய். அடியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, "டொக்... டொக்..." என்று அருமையான சத்தம் கிடைத்தது. மைக்கை வைத்துவிட்டு டில்லியிடம் தலையாட்டினேன். மூன்றாவது "டொக்"குக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா போகிற போக்கில் குழாயை இறுக மூடிவிட்டுப் போயிருந்தார்.

திறந்தேன். அடுத்து யாரோ தாத்தா மூடினார். மறுபடி திறந்தேன். பால் வாங்கப் போனவர் மூடினார். வாரம் இரண்டு நாள் தண்ணீர் வருகிற தெருவில், சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா போகிற ஜென்மம் ஒன்றுகூடக் கிடையாது. டில்லி கடுப்பாகி வாஷரையே கழற்றிவிட்டான். இனி யாரும் மூட முடியாது. சரோஜா அக்கா வந்து திருகிப் பார்த்தார், நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு குடத்தைக் கொண்டு வந்து அடியில் வைத்தார். "டொக்" போய் "டுப்" ஆனது. குடம் நிறைய நிறைய அதுவும் போனது. "அக்கா, சத்தம் கேட்டா ஜனங்களுக்குப் பயம் வரணும்கா" என்று அழாத குறையாகச் சொன்னேன். "பயம் வரணும்னா தண்ணி வராத நாளுல வந்து எடு," என்றார் அக்கா, "தெருவே நடிச்சிக் குடுக்கறோம்."

உடைந்த கண்ணாடி

இது சின்னதுதான், ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். சகுனம், நல்ல நேரம் என்று யாராவது பேசினால் அம்மா அரை மணி நேரம் ஜெபமாகவே அறிவுரை சொல்வார். அந்தத் தைரியத்தில்தான் பழைய முகம் பார்க்கும் கண்ணாடியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்மா சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "கண்ணாடி ஒடஞ்சா குடும்பத்துக்கு ஆவாதுன்னு நீயும் நம்பறியாம்மா?" என்று மடக்கினேன். மடங்கவில்லை. கடைசியில் கண்ணாடி மேல் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் விரிசல் வரைந்தோம். கேமராவில் அது தலைமுடி ஒட்டிக்கொண்டது போலத்தான் தெரிந்தது. அம்மா சுத்தியலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சொன்னார்: "நமக்கு அதெல்லாம் நம்பிக்க கெடயாது. ஆனா என் ஊட்ல ஒடைக்காத."

மினுக்கும் விளக்கு

இத்தனை பேஜாருக்கு நடுவில் கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது ஒன்று உண்டு. எங்கள் ஹாலில் டியூப் லைட் தானாகவே மினுக்க ஆரம்பித்திருந்தது. அணையும், யோசிக்கும், வெடுக்கென்று எரியும். இதை நான் வேறெங்கே தேடுவேன்! ஆனால் ஒரு சிக்கல். அப்பா உருக்காலையில் எலெக்ட்ரீசியன். அவர் கண்ணில் இது பட்டால் தீர்ந்தது. இரண்டு நாள் அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் லைட்டைப் போடாமல் சமாளித்தோம். அன்றைக்கு அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்குத்தான் வருவார். பன்னிரண்டுக்கு ஆரம்பித்து இரண்டுக்கு முடித்துவிட வேண்டியது.

ரேவதி வந்த பஸ் வழியில் நின்று போனது. எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளிப் போனது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டியூப் லைட்டையும் வாசல் பக்கச் சுவரையும் பார்த்து வைத்துவிட்டு, சரோஜா அக்கா வீட்டில் ஒரு வாய் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் ஹால் வெள்ளை வெளேர் என்று ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. பழைய டியூப் லைட், அதை மாட்டியிருந்த பட்டி எல்லாம் கழற்றி ஓரமாக வைத்திருந்தது. சுவரில் புது எல்இடி. கீழே அப்பா, கம்பெனி சட்டையைக்கூடக் கழற்றாமல், ஸ்க்ரூ டிரைவரோடு, திருப்தியோடு.

நான் கத்தினேன். அழுதேன் என்றே சொல்லலாம். ரேவதி எல்லோருக்கும் டீ போட்டு எடுத்து வந்தாள். அப்பா எப்போதும் போலத் தனக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். "கேட்டுட்டு செய்யக் கூடாதாப்பா? அது மினுக்கணும்னுதான வெச்சிருந்தேன்!" என்றேன். அப்பாவுக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. "ஒரு எலெக்ட்ரீசியன் ஊட்ல லைட்டு மினுக்கினு இருந்தா," என்றார், "பாக்கறவன் என்னப் பத்தி இன்னா நெனைப்பான்?"

மேடம் பார்த்த அன்று

ஆனதை வைத்து ஒப்பேற்றி ஒரு படத்தைக் கோர்த்தேன். ஹெல்மெட்டோடு ஒரு பெண், குடத்தில் நிறையும் தண்ணீர், முடி ஒட்டிய கண்ணாடி, கம்ப்யூட்டரில் மினுக்க வைத்த எல்இடி. திரும்பத் திரும்பச் செய்யும் கைக்கு, ரேவதி ஓயாமல் வளையலை உருட்டினாள். தாளை வைத்து எண்ணினால் ஒன்பது விதி இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மேடம் இரண்டு தடவை பார்த்தார். தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கு" என்றார். அன்று புதன். நான் எழுந்து போகும்போது, திட்டினால்கூடப் பரவாயில்லை என்கிற குரலில் சொன்னார்: "எல்லாம் இருக்கு எஸ்தர், எனக்குப் பயம் மட்டும் வரல."

அணைக்க மறந்த கேமரா

அன்று சாயங்காலம் லேப்டாப்பில் எடுத்த கிளிப்புகளை எல்லாம் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் இருபது நிமிஷத்துக்கு நீளமாக இருந்தது. சாப்பிடப் போகும்போது டில்லி கேமராவை நிறுத்த மறந்திருக்கிறான். அவனைத் திட்டிக்கொண்டேதான் திறந்தேன்.

காலி ஹால். டியூப் லைட் மினுக்குகிறது. அப்பா உள்ளே வருகிறார், நிமிர்ந்து பார்க்கிறார். நேராக வாசல் பக்கம் இருக்கிற மெயின் பெட்டிக்குப் போய் அணைக்கிறார். ஃபேன் நின்று, ஃபிரிட்ஜ் நின்று, வீடு சத்தமில்லாமல் ஆகிறது. போர்வை கட்டிய இருட்டில் கதவு வழியாக வருகிற வெளிச்சம் மட்டும். பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்து மெயின் பெட்டியைப் பூட்டுகிறார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தொட்டுப் பார்க்கிறார். ஸ்டூலில் ஏறப் போனவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறார். பையைத் தொடுகிறார். ஸ்டூலில் ஏறுகிறார். ஒரு ஸ்க்ரூ. இறங்குகிறார். பூட்டு, பை. மறுபடி ஏறுகிறார். மறுபடி இறங்குகிறார். வீட்டில் ஒருத்தரும் இல்லை. யார் வந்து சுவிட்சைப் போடப் போகிறார்கள்? நான் கிளிப்பை முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன்.

இதை நான் பார்க்காதவள் இல்லை. ஒரு பல்பு மாற்றினால்கூட அப்பா மெயினைப் பூட்டுவார், மிக்ஸி பாதியில் நின்றால் அம்மா கத்துவார், நானும் கத்துவேன். அது அப்பாவின் தொல்லைகளில் ஒன்று, அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் உருக்காலையில், அப்பாவோடு வேலை செய்த சேகர் மாமா மேலே ஏறி வயரிங் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மெயினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியவர் அப்பா. டீ குடிக்கப் போனார். விவரம் தெரியாத யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். சேகர் மாமா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஆலையில், வேலை செய்கிறவர் மெயினைப் பூட்டிச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் வந்தது. அப்பா வீட்டுக்கும் ஒரு பூட்டு வாங்கினார். டீயை விட்டார். இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், பூட்டை வெறும் தொல்லையாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை இரண்டு நிமிஷமாக வெட்டினேன். இசை போடவில்லை, முகத்தைக்கூட அதிகம் வைக்கவில்லை. பழைய படத்திலிருந்து ஹெல்மெட் ரேவதி நான்கு வினாடி மட்டும், அதுவும் நன்றிக் கடனுக்கு. அப்பாவைக் கேட்காமல் மேடத்திடம் கொடுக்க மனசு வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா முன்னால் லேப்டாப்பை வைத்தேன். வேண்டாம் என்று சொன்னால் அழித்துவிடுவது, ஜூன் ஒன்றாம் தேதி ஸ்டோர்ஸுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். அப்பா பார்த்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். இரண்டாவது தரம் விரல் விட்டு எண்ணினார். "ஆறு தபா போயி பாத்துகிறேனா? நான் ரெண்டோ மூணோன்னு நெனச்சினு கீறேன்" என்றார். நான் மூடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "காட்டு, பரவால்ல. ஆனா கடசியில எம் பேரு போடாத, சேகரு பேரு போடு."

செமினார் ஹால்

வெள்ளிக்கிழமை எல்லோர் படத்தையும் திரையில் போட்டார்கள். பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். ரேவதியின் நைனா பள்ளிப்பட்டிலிருந்து நெல் அறுவடையை விட்டுவிட்டு, தன் பெண்தான் கதாநாயகி என்று நம்பி, உறவுக்காரர்கள் நாலு பேரோடு வந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எங்கள் படம் ஓடியபோது, அப்பா ஐந்தாவது தடவை பூட்டை இழுத்துப் பார்க்கையில், ஹாலில் ஒருத்தர்கூட இருமவில்லை. "சேகர்" என்ற பெயர் வந்து திரை இருட்டானது. முன்வரிசையில் மேடம் தாளை எடுக்கவே இல்லை. பிறகு தட்டினார்கள். ரேவதியின் நைனா மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், மஞ்சள் ஹெல்மெட்டில் வந்தது தன் பெண்தானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் இடம். சென்னை உறுதி. பெயர் வாசித்ததும் நான் திரும்பி அப்பாவைத் தேடினேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. அவரால் தாங்க முடியவில்லை, எழுந்து போய்விட்டார் என்று நினைத்தேன். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்க, நான் மேடைக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடினேன். அப்பா அங்கேதான் இருந்தார். மேலே ஒரு டியூப் லைட், நான் ஒரு மாதமாக ஊரெல்லாம் தேடிய அதே அழகில், அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கையால் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, கல்லூரி அட்டெண்டரிடம் சண்டைக்கு நின்றார்: "மெயினு எங்க கீதுன்னு மட்டும் சொல்லுப்பா, பூட்டு நானே வெச்சினு கீறேன்."

என்னோடு சேர்ந்து நொந்த நண்பர்களே, திரில்லர் எடுக்க வேண்டுமென்றால் பயத்தைத் தேடி ஊரெல்லாம் அலையாமல், உங்கள் வீட்டில் யார் எதை எத்தனை தடவை தொட்டுப் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள், அதையும் அவர் டியூப் லைட்டை மாற்றி முடிப்பதற்குள் எண்ணிவிடுங்கள்.